ஓரம் கீறாத தாள்கள்

அந்தக் கண்ணாடி அலமாரியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. வயசு ஆகிவிட்டது, கோபம் உடம்புக்கு ஆகாது என்று டாக்டர் சொல்கிறார். சொல்லட்டும். அவர் அந்த அலமாரிக்கு முன்னால் சாவி கேட்டு நின்றதில்லை.

சேலத்தில் நான் வேலை பார்த்த கல்லூரியில் பௌதிகத் துறை என்பது இரண்டே அறைகள். ஒன்று சோதனைக்கூடம், இன்னொன்று புரொபசருடைய அறை. யுத்தம் வருவதற்கு முந்தின வருஷங்கள் அவை. நாமக்கல் பக்கத்தில் ஜமீன் மாதிரி நிலபுலம் வைத்திருந்த மிட்டாதார் ஒருவர் பெரிய மனசு பண்ணிக் கொடுத்த நன்கொடையில் எங்களுக்கு ஐந்து ஆராய்ச்சிப் பத்திரிகைகள் வந்துகொண்டிருந்தன. லண்டனில் அச்சாவது இரண்டு, ஜெர்மனியில் ஒன்று, நம் நாட்டிலேயே அச்சாவது இரண்டு. ஒரே தபாலில் வந்தாலும் வாசற்படி தாண்டியதும் அவை பிரிந்துவிடும். லண்டன் பத்திரிகைகள் புரொபசர் அறையில் கண்ணாடி அலமாரிக்குள் போகும். அதற்குப் பூட்டு உண்டு, சாவி அவருடைய கோட்டுப் பையில் இருக்கும். ஜெர்மன் பத்திரிகை அந்த அலமாரியின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். ஒருத்தருக்கும் பாஷை தெரியாததால் அதற்கு ஒரு தனி மரியாதை. நம் நாட்டுப் பத்திரிகைகள் இரண்டும் சோதனைக்கூடத்தில், பாட்டரிக்கு ஊற்றும் திராவக ஜாடிகளுக்குப் பக்கத்தில், ஒரு மரத் தட்டில் கிடக்கும்.

அந்தக் காலத்துப் பத்திரிகைகள் தாள் ஓரம் வெட்டாமல் மடிப்போடுதான் வரும். படிக்கிறவர்தான் கத்தி வைத்து ஓரத்தைக் கீறித் திறக்க வேண்டும். லண்டன் இதழ் வருகிற அன்று புரொபசர் தந்தப் பிடி போட்ட ஒரு சின்னக் கத்தியை எடுத்துத் துடைத்து, பக்கம் பக்கமாகக் கீறுவார். அந்த நேரத்தில் யாரும் உள்ளே போகக்கூடாது. சாமிக்குத் திரை போட்டிருக்கிற மாதிரி நாங்கள் வெளியே நிற்போம்.

அவர் ஆளை அளக்கிற கோலும் அதுதான். வேலைக்கு மனு வந்தால், அதில் அச்சான கட்டுரைகள் என்று ஒரு இடம் இருக்கும். அங்கே சிவப்புப் பென்சிலால் நம்பர் போடுவார். லண்டன் என்றால் ஒன்று. ஜெர்மனி, அமெரிக்கா என்றால் இரண்டு. நம் நாடு என்றால் மூன்று. ரயிலில் இருக்கிற மாதிரி மூன்று வகுப்பு. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பதற்கு அவரிடம் நம்பர் கிடையாது. இதை அவர் மறைக்கவும் இல்லை, பெருமையாகவே சொல்லிக்கொள்வார்.

நான் அங்கே டெமான்ஸ்ட்ரேட்டர். மாணவர்களுக்குச் சோதனை செய்து காட்டுகிறவன். ஏப்ரலில் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், ஜூனில் மறுபடி கூப்பிடுவார்கள். ஐந்து வருஷம் இப்படியே ஓடிற்று. இராசிபுரத்துப் பக்கம் காடு தோட்டத்தில் பாடுபட்டு என்னை அந்தக் காலத்துப் பௌதிக எம்.ஏ. வரைக்கும் படிக்கவைத்த எங்கப்பாவுக்கு, மகன் வருஷா வருஷம் பங்குனி முடிந்ததும் பெட்டியோடு வந்து நிற்பது புரியவே இல்லை. ஊர்க்காரர்கள் கேட்டால், "லீவு உட்டிருக்கறாங்க" என்பார். எத்தனை நாள் லீவு என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

கடைசியில் ஒரு லெக்சரர் பதவி காலியாகப் போகிறது என்று செய்தி வந்தது. நிரந்தர வேலை. புரொபசர் என்னைக் கூப்பிட்டு, "உங்க பேர்ல லண்டன் பேப்பர் ஒண்ணு இருந்தா நான் தைரியமா வாய் திறக்கலாம். இல்லாட்டி கஷ்டம்" என்றார். அதற்கு இரண்டு வருஷம் இருந்தது. சரி, செய்கிறேன் என்று வந்துவிட்டேன். அவர் சொன்ன விதி எனக்கு அப்போது தப்பாகப் படவில்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் மறைத்த மாதிரி ஆகக்கூடாது.

ஆராய்ச்சிக்கு விஷயம் எனக்கு எங்கள் ஊர்ப் பக்கத்து வெண்ணந்தூரில் கிடைத்தது. அங்கே நெசவாளர்கள் காலையில் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவுவார்கள். ஒருத்தர் கஞ்சிச் சட்டியைக் கலக்கிக்கொண்டே நடப்பார், இன்னொருத்தர் பிரஷ்ஷால் இழுத்துக்கொண்டே போவார். சட்டி வைத்திருக்கிறவரோடு யாரும் பேச மாட்டார்கள், அது அந்தத் தெருவின் வழக்கம். ஒரு நாள் தெரியாமல் நான் அவரிடம் வழி கேட்டுவிட்டேன். அவர் பதில் சொல்ல நின்றார். நின்ற கொஞ்ச நேரத்தில் கஞ்சி கட்டிவிட்டது.

"பாத்தீங்களா வாத்தியாரே, நீங்க கேட்டது ஒரு வார்த்தை, எனக்கு ஒரு சட்டிக் கஞ்சி போச்சு" என்றார். பிறகு அவரே சிரித்துக்கொண்டு, "போவலீங்க, சும்மா சொன்னேன். கலக்குனா மறுக்காத் தண்ணியாட்டம் ஓடும். உட்டா மறுக்காக் கட்டிக்கும். எத்தனை தடவை வேணும்னாலும் இப்படித்தானுங்க" என்று கலக்கிக் காட்டினார்.

நான் வழியை மறந்துவிட்டேன். சூடு காட்டவில்லை, தண்ணீர் ஊற்றவில்லை, வெறும் கலக்கலில் ஒரு பொருள் இளகுகிறது, சும்மா விட்டால் இறுகுகிறது. இது எவ்வளவு கலக்கினால், எவ்வளவு நேரம் விட்டால் என்று அளந்து ஒரு கோடு வரைந்தால் அது பௌதிகம். அப்படித்தான் ஆரம்பித்தேன். கண்ணாடிக் குழாயில் இரண்டு கோடு போட்டு, கஞ்சி மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு இறங்குகிற நேரத்தை நிறுத்துக் கடிகாரம் வைத்து அளந்தேன். கலக்கிய உடனே விறுவிறுவென்று இறங்கும். கால் மணி சும்மா வைத்தால் எருமை மாதிரி நகராது.

கஞ்சி அந்தந்த நாள் கஞ்சியாக இருக்க வேண்டும். அதனால் வாரத்தில் மூன்று நாள் விடியற்காலம் வெண்ணந்தூருக்குப் போய், அந்த நெசவாளர் தருகிற கஞ்சியைத் தூக்குப்போசியில் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் சேலம் வருவேன். போசியைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கண்டக்டர் ஒரு நாள், "ஏனுங்க, மத்தியானச் சோத்துக்கு வெறும் கஞ்சிதானுங்களா? காலேஜ்ல சம்பளம் குடுக்கறதில்லீங்களா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் கேட்டதில் பாதி நிஜம்.

ஏற்கெனவே இதைப் பற்றி யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமே. அதற்காக மாதா மாதம் புரொபசர் அறை வாசலில் போய் நிற்பேன். சாவி வேண்டும் என்று நேரே கேட்கக்கூடாது. அவர் தலை நிமிர்ந்து பார்க்க வேண்டும், நான் சொல்ல வேண்டும், அவர் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். பிறகு அவரே எழுந்து வந்து திறந்து, இதழை எடுத்து என் கையில் கொடுத்து, நான் படித்து முடிக்கிற வரைக்கும் கதவுக்குப் பக்கத்தில் நிற்பார். நான் என்ன அதைத் தின்றுவிடப் போகிறேனா. ஆனாலும் நின்று நின்று, ஏழு கட்டுரைகளை எழுதி எடுத்துக்கொண்டேன். ஐந்து லண்டன், இரண்டு ஜெர்மனி. ஜெர்மன் கட்டுரைகளை அகராதி வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் படித்தேன்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது எங்கப்பாவிடம் இந்த நம்பர் விவகாரத்தைச் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டார்.

"மேச்சேரி ஆடுன்னு சொன்னா சந்தையில ரெண்டு பேரு கூட வந்து நிப்பான், அது நெசந்தான் சாமி. ஆனா வாயத் தொறந்து பல்லுப் பாக்காம எவனும் கயித்தப் புடிக்க மாட்டான். உங்க காலேஜ்ல பல்லுப் பாக்க மாட்டாங்களா?"

"பேர் பெத்த பத்திரிகையில வந்தா உள்ள நல்லாத்தான் இருக்கும்னு ஒரு கணக்குப்பா" என்றேன். புரொபசர் பக்கம் பேசினேன், இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

கட்டுரையை லண்டனுக்கு அனுப்பினேன். கப்பலில் போய், கப்பலில் திரும்பிவர எட்டு மாசம். உறை வந்தபோதே தடிமனாக இருந்தது, பிரிக்காமலே தெரிந்துவிட்டது. ஒரு சின்னச் சீட்டு வைத்திருந்தார்கள். இது உள்ளூர்ச் சங்கதி, உங்கள் நாட்டுப் பத்திரிகைக்கே பொருத்தமாக இருக்கும் என்று இரண்டு வரி. எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிற்று. அவர்கள் ஊர்ச் சேற்றை அவர்கள் அளந்தால் அது உலகத்துக்கே பொதுவான பௌதிகம், வெண்ணந்தூர்க் கஞ்சியை நான் அளந்தால் உள்ளூர்ச் சங்கதி. கஞ்சிக்குத் தெரியுமா தான் எந்த ஊர் என்று.

பதவிக்கு ஆள் எடுக்க இன்னும் ஆறே மாசம்தான் பாக்கி. வேறு வழியில்லாமல், மரத் தட்டில் கிடக்கிற இரண்டு பத்திரிகைகளில் ஒன்றின் விலாசத்தை அட்டையில் பார்த்து எழுதிக்கொண்டு, கட்டுரையை அதற்கு அனுப்பினேன். அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பிப்ரவரி இதழில் அச்சாயிற்று. எனக்குத் தனியாகப் பன்னிரண்டு பிரதி அனுப்பினார்கள். ஒன்றை வெண்ணந்தூருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த நெசவாளர் கோட்டுப் படத்தை வெகு நேரம் பார்த்துவிட்டு, "இது நம்ம கஞ்சிங்களா" என்று கேட்டு, மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார். அந்தக் கட்டுரைக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

ஜூன் முதல் வாரத்தில் பதவிக்கு ஆள் தேர்வு. ஒரு பக்கம் பிரின்சிபால், நடுவில் நன்கொடை கொடுத்த மிட்டாதார், மறு பக்கம் எங்கள் புரொபசர். என் மனு புரொபசர் முன்னால் இருந்தது. தலைகீழாகப் பார்த்தாலும் சிவப்பு மூன்று எனக்குத் தெரிந்தது. மிட்டாதார் வெள்ளந்தி மனிதர், அவருக்கு இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றும் தெரியாது. அவர்தான் கேட்டார்.

"இந்தத் தம்பி எழுதுன கட்டுரையில என்னங்க இருக்குது?"

புரொபசர் சிரித்தார். "அது அவசியம் இல்லீங்க. எங்க அச்சாச்சுன்னு பாத்தாப் போதும். நல்லா இருந்திருந்தா லண்டன்ல வந்திருக்கும்."

"அப்படிங்களா. அப்பச் சரிங்க" என்றார் மிட்டாதார். அவர் காசில் வாங்கின பத்திரிகை, அதில் என்ன இருக்கிறது என்று கேட்க அவருக்கே உரிமை இல்லாமல் போயிற்று. நான் வாய் திறந்து, உள்ளே இருப்பது இன்னது என்று சொல்லப் பார்த்தேன். நேரம் ஆகிவிட்டது என்றார்கள்.

வேலை இன்னொருவருக்குப் போனது. நல்ல பையன், அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. லண்டன் பத்திரிகையில் அவன் பெயரில் வந்திருந்தது கட்டுரைகூட இல்லை, ஒரு கடிதம். யாரோ போட்ட அட்டவணையில் ஒரு தசமப் புள்ளி இடம் மாறியிருக்கிறது என்று நாலு வரி. உப்புக்குப் பெறாத நாலு வரிக்கு ஒன்று, இரண்டு வருஷ உழைப்புக்கு மூன்று. எனக்கு இன்னொரு வருஷத்துக்கு அதே டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை தருவதாகப் பெருந்தன்மையாகச் சொன்னார்கள்.

அன்று பகல் நேரே சோதனைக்கூடத்துக்குப் போனேன். பிப்ரவரி இதழை எடுத்துக்கொண்டுபோய் அவர் மேஜைமேல் போட்டு, இதைப் படியுங்கள், படித்துவிட்டு எந்த நம்பர் வேண்டுமானாலும் போடுங்கள் என்று கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். இதழைத் தட்டிலிருந்து உருவினேன். தாள் ஓரம் கீறவில்லை. மார்ச்சில் வந்தது, ஜூன் வரைக்கும் ஒரு கத்தி படவில்லை. என் கட்டுரை மடிப்புக்குள்ளேயே அடைந்து கிடந்தது. தோற்றதைவிட இது என்னை அதிகமாகச் சுட்டது. படித்துவிட்டு மட்டம் என்றால் சண்டை போடலாம், படிக்காதவரிடம் எதைச் சொல்லிச் சண்டை போடுவது.

போட்டேன், அதுவும் நடந்தது. இதழைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் அறை வாசலில் நின்று, "திறந்தே பாக்காம எப்படிங்க மூணு போட்டீங்க?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன், வராந்தாவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "அந்தத் தட்டுல இருக்கறத யாரும் திறக்கறதில்ல. இத்தனை வருஷம் இங்க இருக்கீங்க, உங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

"இன்னைக்குத் திறக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீம்புதான். சோதனைக்கூடத்தில் பித்தளை அளவுகோல் ஒன்று இருந்தது, ஓரம் கூராக இருக்கும். தட்டில் இருந்த இதழ் அத்தனையையும் இறக்கி மேஜையில் அடுக்கி, ஒவ்வொன்றாகக் கீற ஆரம்பித்தேன். எழுதினவர்களுடைய தாளில் காற்றாவது படட்டும் என்று நினைத்தேன். நாட்பட்ட தூசி, திராவக நெடி, கை முழுக்கத் தாள் சிராய்ப்பு. கல்லூரி விடுகிற மணி அடித்தும் நான் எழுந்திருக்கவில்லை. கீறும்போது தலைப்புகள் கண்ணில் படும். மழை மேகத்தின் மின்சாரம், மண்பானைத் தண்ணீர் குளிர்வது, கானல். எல்லாம் என்னை மாதிரிச் சின்ன ஊர்க் கல்லூரிக்காரர்கள் எழுதியவை. அவர்கள் எல்லாருக்காகவும் சேர்த்து எனக்குக் கோபம் வந்தது, ஒவ்வொரு தாளுக்கும் அந்தப் புரொபசரைத் திட்டிக்கொண்டே கீறினேன்.

நான் எழுதின பத்திரிகை முடிந்து, மற்றொன்றின் பழைய இதழ்களுக்கு வந்தேன். மூன்று வருஷத்துக்கு முந்தின இதழ் ஒன்றைக் கீறித் திருப்பினேன். என் கோட்டுப் படம் அங்கே இருந்தது.

என்னுடையது இல்லை, ஆனால் அதே கோடு. நெசவுக் கஞ்சி, கண்ணாடிக் குழாய், கலக்கினால் இளகுவது, விட்டால் இறுகுவது. தெற்கே ஒரு சிறு ஊர்க் கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்த ஒருவர் எழுதியிருந்தார். நான் தூக்குப்போசியைக் கையில் எடுப்பதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே அச்சாகி இங்கே வந்துவிட்டது. வெயில் காலத்திலும் குளிர் காலத்திலும் தனித்தனியாக அளந்து, நான் யோசிக்காத சூட்டுக் கணக்கையும் அவர் போட்டிருந்தார். என்னுடையதைவிட நல்ல கட்டுரை. என் மேஜையிலிருந்து பத்தடி தூரத்தில், பூட்டு இல்லாத தட்டில், இத்தனை நாளும் அது கிடந்திருக்கிறது. பூட்டுப் போட்ட அலமாரிக்கு முன்னால் மாதா மாதம் கால் கடுக்க நின்றவன் நான். இந்தத் தட்டுக்கு ஒரு தடவை கை நீட்டியிருக்கிறேன், அதுவும் அட்டையில் விலாசம் பார்க்க. எங்கப்பா சொன்னாரே, பல்லுப் பார்ப்பது, அதை நானும் செய்யவில்லை. புரொபசர் வெளிப்படையாக நம்பர் போட்டார், நான் பென்சில் இல்லாமல் அதே நம்பரைப் போட்டிருந்தேன்.

என் கட்டுரையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். எனக்கு முன்னால் இந்த விஷயத்தை ஆராய்ந்தவர்கள் என்று ஏழு பெயர்கள். ஐந்து லண்டன், இரண்டு ஜெர்மனி. அவர் பெயர் இல்லை.

மறுநாள் அவருக்கு ஒரு கடிதம் எழுதினேன். உங்கள் கட்டுரையைப் பார்க்காமல் அதே விஷயத்தை நானும் எழுதி அச்சுப் போட்டுவிட்டேன், உங்கள் பெயரைச் சொல்லாதது என் தப்பு, அடுத்த இதழில் திருத்தம் போடச் சொல்கிறேன் என்று. எழுதும்போது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. தப்பை ஒத்துக்கொள்கிறோம், நல்ல மனுஷன்தான் நாம் என்று ஒரு நினைப்பு.

பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. என் கடிதம் அவர் கல்லூரிக்குப் போய், அங்கிருந்து விலாசம் மாற்றி அவருடைய ஊருக்குப் போயிருக்கிறது. கார்டில் சின்னச் சின்ன எழுத்தாக எழுதியிருந்தார். கட்டுரை அச்சான நாளிலிருந்து அதைப் பற்றி வந்த முதல் கடிதம் இதுதான், மிகவும் சந்தோஷம் என்று ஆரம்பித்திருந்தார். இந்த ஏப்ரலில் தன்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று அடுத்த வரி. அவர்கள் புரொபசர் கொஞ்சம் நல்லவராம். லண்டன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, உன் கட்டுரையை வேறு யாராவது தங்கள் கட்டுரையில் ஒரு இடத்திலாவது குறிப்பிட்டிருந்தால் கொண்டுவந்து காட்டு, அதை வைத்து உன்னை நிரந்தரம் ஆக்கப் பேசிப் பார்க்கிறேன் என்று மூன்று வருஷம் தவணை கொடுத்திருந்தாராம். இவர் கிடைத்த பத்திரிகையை எல்லாம் புரட்டிப் பார்த்திருக்கிறார். தம் பெயர் எதிலும் இல்லை. இப்போது ஊரில் அண்ணன் கடையில் உதவியாக இருக்கிறாராம்.

என்மேல் ஒரு வார்த்தை கோபம் இல்லை. இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். கடைசி வரியில் ஒரு கேள்வி மட்டும் கேட்டிருந்தார். உங்கள் கட்டுரை எந்த மாதத்து இதழில் வந்தது என்று.

கார்டை வைத்துக்கொண்டு நான்கு நாள் இருந்தேன். சோதனைக்கூடத்தில் மரத் தட்டு அப்படியே இருந்தது, நான் கீறின தாள்களில் மறுபடி தூசி விழ ஆரம்பித்திருந்தது. ஐந்தாம் நாள் ஒரு கார்டு வாங்கி, பிப்ரவரி என்று எழுதிப் போட்டேன். அதற்கு அவர் பதில் போடவில்லை.